வரிசையாய் நாலு புள்ளிகள்

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. எலும்புக்குப் பரவாமலிருந்தால் அறுத்தெடுத்துக் குணப்படுத்தலாம். பரவியிருந்தால் ஆயுளை இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் காலையில் அவள் கையில் கதிரியக்க மருந்தை ஏற்றி, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, மத்தியானம் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் எங்கே கோளாறோ அங்கே மருந்து சேர்ந்து கறுப்பாகத் தெரியுமாம்.

டாக்டரம்மா திரையைத் திருப்பினார். இடது விலாவில் நாலு கறுப்புப் புள்ளிகள். 

"ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, ஒரே வரிசையில இருக்கு. பரவுற நோய் பெரும்பாலும் இப்படி வரிசை கட்டாது," என்றார். "சமீபத்துல எங்கயாவது விழுந்தீங்களாம்மா?"

அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "இல்லையே."

"நல்லா யோசிங்க. அடிபட்டிருந்தா நல்ல சேதிதான்."

மறுபடியும் என்னைப் பார்த்தாள். உயிர் ஊசலாடும்போதும் அப்படியொரு திருட்டு முழி!

"ஏய், வாயைத் திறந்து சொல்லப்போறியா இல்லையா?" என்று கத்தினேன்.

"திட்டாதீங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப உங்க ஸ்கூட்டரை எடுத்து ஓட்டிப் பாத்தேன். எதிர்வீட்டு கேட்டுல இடிச்சு, பக்கவாட்டுல விழுந்துட்டேன்."

நான் யாரையும் தொடவிடாத ஸ்கூட்டர். அதிலிருந்த கீறலுக்கு எதிர்வீட்டுத் தையல்காரரைத் தெருவே கேட்கத் திட்டி, இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள்!

டாக்டரம்மா அப்போதே விலாவுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க அனுப்பினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாக அவள் நன்றாக விழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"விரிசல் விட்டுக் கூடிட்டு வர்ற விலாதான். எலும்புல எங்கயும் பரவலை. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்." டாக்டரம்மா வயிற்றில் பால் வார்த்தார். நான் அழுதேன், சிரித்தேன், வாசல் காவலாளிக்குக்கூடக் கைகொடுத்தேன்.

எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும், ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஸ்கூட்டரிலிருந்தே கத்தினேன். "அண்ணே, மன்னிச்சிடுங்க! கீறல் போட்டது நீங்க இல்ல, இவதான்! இவதான் விழுந்தா!"

அவர் மிஷினை நிறுத்தினார். "தெரியும்பா. தூக்கிவிட்டதே நான்தான். உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு தங்கச்சி கெஞ்சிச்சு."

இரண்டு மாதம் என் வசவைச் சும்மா வாங்கிக்கொண்ட மனிதர்! இறங்கி ஓடி அவரை அப்படியே கட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், பின்சீட்டில் இருந்தவள் முன்சீட்டுக்கு நகர்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தாள்.

நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். சாவி வண்டியிலேயே இருந்தது.