எல்லோருக்கும் தெரிந்த பின்னம்

டாலஸ் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில், என் மகள் வான்மதியின் ஐந்தாம் வகுப்பில் இருபத்து நான்கு பிள்ளைகள். இருபத்தொரு பேர் நம்மவர்கள். நாம் வர வர வெள்ளைக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். பள்ளிக்கு ரேட்டிங் பத்துக்கு ஒன்பது என்று மயங்கி, அடித்துப் பிடித்து நாங்களும் ஒரு வீட்டை வாங்கினோம்.

பின்னங்களை வகுக்கும் பாடம் வந்தபோது, இது யாருக்கெல்லாம் தெரியும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். ட்யூஷனில் போன வருடமே முடித்துவிட்ட இருபது பேர் கை தூக்கினார்கள். ட்யூஷன் போகாத வான்மதியும் வெட்கப்பட்டுத் தூக்கிவிட்டாள். டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பரீட்சையில் அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. போய்க் கேட்டேன். உங்கள் பிள்ளைகளுக்குத்தான் வீட்டிலேயே எல்லாம் வந்துவிடுமே என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பள்ளிக்கூடம் எதற்கு?

அந்த மாதமே, எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்ற எல்லையை மாற்றி, எங்கள் தெருவை ரயில் பாதைக்கு அந்தப் பக்கப் பள்ளியில் சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அங்கே முக்கால்வாசி மெக்சிகன் பிள்ளைகள். பெற்றோர் பார்க்க வரலாம் என்ற நாளில் போனேன். காகிதத்தை மடித்து மடித்து, அதே பின்னப் பாடத்தை அங்கிருந்த டீச்சர் முதலிலிருந்து நடத்திக்கொண்டிருந்தார். வான்மதி இங்கேதான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெருவோ கொதித்தது. நாலாவது வீட்டு சேனாபதி எதிர்ப்பு மனு தயாரித்தார். அங்கே போனால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றார். அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆன்லைனில் மனு வந்தால், மனைவியைக் கேட்காமல் அவள் பெயரையும் கணவனே தட்டிவிடுவது எங்கள் வழக்கம். பள்ளி போர்டு கூட்டத்தில் திரையில் ஓடிய பட்டியலில், என் கணவர் மதனின் பெயருக்குக் கீழே கண்மணி என்று நான் இருந்தேன்.

மதன் தரையைப் பார்த்தார். நான் வான்மதியைக் கையில் பிடித்துக்கொண்டு மைக்குக்குப் போனேன். என் பெயரை எடுத்துவிடுங்கள், அங்கேதான் பின்னத்தை முதலிலிருந்து நடத்துகிறார்கள், எங்கள் தெருவை அந்தப் பள்ளிக்கே அனுப்புங்கள் என்றேன்.

திரும்பி வரும்போது சேனாபதி ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

"ஏங்க, பாப்பா மேத்ஸ்ல கொஞ்சம் வீக்குங்களா? சொல்லியிருந்தா என் பையன் போற சென்டர்லயே ஜாயின் பண்ணி விட்டிருக்கலாமே."

தெருவே எங்களைப் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வான்மதி என் கையை உதறிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐ ஆம் நாட் வீக், அங்கிள். நோ ஒன் டீச்சஸ் மீ ஹியர்."