பின்சுவர் எழும்பிக்கொண்டிருக்கையில்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பினாங்கில் தமிழ் வாரப் பத்திரிகை நடத்தும் நண்பர் கடிதம் போட்டிருந்தார்: 'நீர் பிளான் வரைகிறவர். புது அடுக்களை கட்டுகிறவர்களுக்கு உபயோகமாக இரண்டு பக்கம் எழுதித் தாரும்.' நானும் மலாக்காவில், காஜா பெராங்கில், என் வீட்டுக்குப் புது அடுக்களை கட்டிக்கொண்டிருக்கிறேன். அனுபவம் சுடச்சுட இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டின் பின்பக்கத்தில் சீனக் கொத்தனார் ஆ லெங் கரணையால் செங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்கிறது. பழைய பின்வாசலை அடைத்துச் சுவர் எழுப்புகிறார். கதவையும் நிலையையும் நேற்றே பெயர்த்தாயிற்று. சுவர் இப்போது கணுக்கால் உயரம்.

கட்டுரையின் முதல் வாக்கியம் இது: 'சமைப்பவளின் காலடிகளைக் குறைப்பதே நல்ல அடுக்களை.' நல்ல வாக்கியம்தான். ஆனால் திரும்பப் படித்தபோது அதில் ஏதோ குறைந்தது. ஏன் என்று தெரியவில்லை. ஆகவே அதைக் கதையாக எழுதிப் பார்க்கிறேன். கதை என்றால் பழி வேறு ஆள் மேல் விழும்.

2

சிஹாபுதீன் என்று ஒருவன் இருந்தான்.

(வேண்டாம். செத்துப்போனவனைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது.)

சிஹாபுதீன் மலாக்காவில் ஒரு காண்டிராக்டரிடம் பிளான் வரைபவன். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். மழை வந்தால் கூரை ஒழுகுமோ என்பான், வராவிட்டால் கிணறு வற்றுமோ என்பான். அவன் மனைவி ரோஷன் பீவிக்கு இப்போது எட்டாம் மாதம். போன மாதம் அவள் குடத்தோடு கிணற்றடிப் பாசியில் சறுக்கி, விழாமல் தப்பினாள். அன்று பிடித்தது சிஹாபுதீனுக்கு அடுக்களைப் பைத்தியம். ஒரு பலகையைப் போட்டு அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு வேளைச் சோறாக்க என் மனைவி எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணினேன்.

(போச்சு. 'என் மனைவி' என்று எழுதிவிட்டேன். 'எண்ணினேன்' என்றும். இரண்டு பத்திகூட என்னால் ஒளிந்திருக்க முடியவில்லை. சரி, சிஹாபுதீன் நான்தான்.)

முந்நூற்றுப் பதினெட்டுக் காலடிகள். பாதிக்கு மேல் கிணற்றுக்குப் போய் வந்தவை. எண்ணி முடித்தபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

3

கட்டுரைக்கு எழுதியவற்றை வீணாக்க மனமில்லை. பத்திரிகை நண்பருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் அல்லவா?

'அடுப்பை இடுப்பளவு உயரத்தில் திண்டு கட்டி அதன் மேல் வையுங்கள். குனிந்து ஊதி முதுகு போக வேண்டாம். சன்னல் அடுப்புக்கு நேரே வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்று புகையைக் கொண்டுவந்து கண்ணில் அடிக்கும். மீன் கழுவிய தண்ணீர் தானாக ஓடும்படி தரையைச் சற்றுச் சரிவாகப் போடச் சொல்லுங்கள். விறகு கைக்கு எட்ட வேண்டும், தீப்பொறிக்கு எட்டக்கூடாது. வலைக்கம்பி அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.*

'எல்லாவற்றிலும் முக்கியம் தண்ணீர். ஆயர் குரோ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை அடுக்களைக்குள்ளேயே இழுத்துவிட்டால் கிணற்றுக்குப் போக வேண்டியதில்லை. கிணற்றுக்குப் போகாவிட்டால் பின்வாசல் எதற்கு? அந்த இடத்தில் சுவர் வைத்து, முழு நீளத்துக்கும் தட்டுகள் அடிக்கலாம். திருட்டுப் பயமும் போயிற்று.'

இப்படி வரைந்ததில் முந்நூற்றுப் பதினெட்டு எண்பத்தாறாகக் குறைந்தது. பிளானை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் காட்டினேன்.

சுவர் முழங்கால் உயரம்.

* கிண்ணத்துத் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசு வரும். கொசு வந்தால் நான் வீட்டில் வாங்கிய ஏச்சை நீங்களும் வாங்குவீர்கள்.

4

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். தெரிந்தேதான் விட்டேனோ என்று இப்போது சந்தேகம்.

எங்கள் ஜனங்களில் பெண்கள் பகலில் தெருவாசல் வழியாகத் தனியே இறங்குவதில்லை. அக்கம்பக்கம் போக வேண்டுமானால் அடுப்படிப் பின்வாசல்தான் வழி. எங்கள் சொந்த ஊரில் பின்வாசல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி வரிசையாக இருக்கும். தெருவில் கால் வைக்காமலே ஒரு பெண் பத்து வீடு போய் வரலாம். இங்கே ரோஷனுக்கு அப்படி அமைந்தது ஒரே வீடு. கிணற்றுக்கு அந்தப்புறம், நாகம்மா அக்கா வீடு.

நாகம்மா அக்கா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டி குடும்பத்தவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அவர் வாயில் வரும் தமிழை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ரோஷன் பேசும் மலாய் முழுவதும் கிணற்றடியில் அவரிடம் கற்றது. நானோ அந்த வாசலைத் தண்ணீருக்கான வாசல் என்று மட்டும் நினைத்தேன். பிளானில் கிணறு ஒரு வட்டம். அதைச் சுற்றி நின்று பேசுகிறவர்களை யாரும் வரைவதில்லை.

அடைப்பதற்கு முன் நான் கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டேன்.

"புள்ள, பின்வாசல அடைச்சிரலாமா? தட்டு நெறைய அடிக்கலாம்."

"உங்க இஷ்டம் மச்சான்."

"புடிக்கலன்னா இப்பவே சொல்லிரு."

"நீங்க படிச்சவுக. உங்களுக்குத் தெரியாததா?"

"வசதியா இருக்கும்ல?"

"உங்க இஷ்டம்."

எழுத்தாளனாக இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை போகிறது. மீனாணத்துக்கு நான் வாங்கி வந்த புளி சரியில்லை என்று இரண்டு நாள் முகம் கொடுக்காத பெண், தன் வாசலையே அடைக்கும்போது ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை? பாத்திரத்தை ஆசிரியர் சரியாகக் கவனிக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். புருஷன் கவனிக்கவில்லை என்றும்

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.)

5

சுவர் தோள் உயரம். இப்போதுதான் நாகம்மா அக்காவின் குரல் கேட்டது. இரண்டு நாள் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தவர் திரும்பியிருக்கிறார்.

"ஆயோ! பிந்து மானா?"

கதவு எங்கே என்று கேட்கிறார். ஆ லெங் சிரிப்பது கேட்டது. "பிந்து தாடா லாகி." கதவு இனிமேல் கிடையாது.

அந்தப்பக்கம் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு மெதுவாக ஒரு கேள்வி. "காலு சாக்கிட் நந்தி, மாச்சம் மானா?"

வலி வந்தால் என்ன செய்வது?

அவர் கொத்தனாரிடம்தான் கேட்டார். ஆனால் பேனா என் கையில் நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் ரோஷன் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தாள். ஏழாம் மாதம். நான் புக்கிட் ரம்பாயில் ஒரு கிடங்குக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். நடுப்பகலில் வலி கண்டுவிட்டது. நான் வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை தக்கவில்லை. ரோஷன் பிழைத்தாள். 'நாகம்மா அக்கா வந்து மருத்துவச்சியைக் கூப்பிட்டாக' என்றாள். அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று இந்த இரண்டு வருஷமும் நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்ற பயம்.

இப்போது கூப்பிட்டேன். ரோஷன் வந்து திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நீ வலியில கெடந்தது அக்காவுக்கு எப்படிப் புள்ள தெரிஞ்சுச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள். "பின்வாசல் வரைக்கும் ஊந்துக்கிட்டே போனேன். நிலைய புடிச்சுக்கிட்டுக் கூப்புட்டேன். சத்தம் வரல மச்சான். அக்கா தண்ணி மொள்ள வந்தவுக, வாசல்ல நான் கெடக்குறதப் பாத்துட்டாக."

"அடைக்கப் போறேன்னு கேட்டப்ப இதச் சொல்லிருக்கலாம்ல?"

"நான் விழுந்துரக் கூடாதுன்னுதான கட்டுறீக. பிளான விரிச்சு அம்புட்டுச் சந்தோஷமாக் காட்டுனீக. அதுல போயி நான் எப்படிக் கொற சொல்ல?" திரும்பிப் போகப் போனவள் நின்றாள். "இப்ப அக்கா மொகம் மட்டுந்தான் தெரியுது. இன்னும் நாலு வரி கல்லு வச்சா அதுவும் தெரியாது."

உள்ளே போய்விட்டாள்.

6

வழக்கப்படி நான் இங்கே சில முடிவுகளைக் காட்ட வேண்டும்.

முதல் முடிவு: சுவரில் ஒரு சன்னல் வைக்கிறேன். நாகம்மா அக்கா முகம் தெரியும். ஆனால் தரையில் ஊர்ந்து வருகிறவள் சன்னலுக்கு எப்படி எட்டுவாள்? இதை எழுதியவன் பிளான் வரைபவன், மனிதன் அல்ல.

இரண்டாம் முடிவு: பிரசவம் வரை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன். என் முதலாளியைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாம் முடிவு: எல்லாம் நல்லபடி நடந்து, வாசல் தேவைப்படாமலே பிள்ளை பிறக்கிறது. அல்லாஹ் அப்படியே ஆக்கிவைக்கட்டும். ஆனால் இதை நான் எழுதினால் அது கதை இல்லை, பந்தயம். பந்தயப் பொருள் ரோஷன்.

வாசகரே, நீங்கள் கத்துவது கேட்கிறது. 'எழுந்து போய் நிறுத்தேன் ஐயா!' நியாயம். ஈரச் சாந்துதானே, நாளைக்குக்கூட இடிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று முடிவுகள் எழுதினேன். வலி நாளை வரை பொறுக்குமா என்று யோசிக்கவில்லை. அதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. ரோஷன் முதுகைத் திருப்பியதும் நான் அவள் பின்னால் போகவில்லை. அவள் சொன்னது மறந்துவிடுமோ என்று அப்படியே எழுதிக்கொண்டேன். ஐந்தாம் பகுதி நன்றாக வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

7

சுவர் எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை. கரணைச் சத்தம் நின்றுவிட்டது. ஆ லெங் சாப்பிடப் போனாரா, கடைசி வரியையும் வைத்துவிட்டாரா? அந்தப்பக்கத்திலிருந்து நாகம்மா அக்கா "ரோஷன்! ரோஷன்!" என்று கூப்பிடுகிறார். அடுப்படியிலிருந்து பதில் இல்லை. அவள் குழாயைத் திறந்துவிட்டிருக்கலாம், காதில் விழாமல் இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்று எழுதிக்கொண்டே இருக்கலாம்.

முன்கூடத்திலிருந்து அடுப்படிக்கு இருபத்திரண்டு காலடி. எண்ணி வைத்திருக்கிறேன்.

இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு கேட்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கடைசி வாக்கியம் ஒழுங்காக முடிந்து, அதன் பின் முற்றுப்புள்ளி இருந்தால், நான் இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு என்னைக் காறித் துப்புங்கள். அப்படி இல்லாமல் இது பாதியில்