ஜன்னலோரம் யாருக்கு

அக்காள் கணவரையும் கொழுந்தியாளையும் ஒரே கல்லூரியில் கணிதம் சொல்லித்தர வைத்த விதி, ஒரே அறையையும் கொடுத்து வேடிக்கை பார்த்தது. அத்தானுக்கு ஜன்னலோர மேசை. சின்னவளுக்கு, கதவைத் திறப்பவரெல்லாம் முழங்கையில் இடிக்கும் மூலை.

அவள் நச்சரிப்பு தாங்காமல், ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் அத்தான். பலகையில் பூஜ்யமும் தசமப் புள்ளியும் போட்டுவிட்டு, இருவரும் மாறி மாறி ஓர் இலக்கம் எழுத வேண்டும், முடிவே இல்லாமல். உருவாகும் எண் இரண்டு முழு எண்களின் பின்னமாக இருந்தால் அவருக்கு வெற்றி, இல்லையென்றால் அவளுக்கு. முடிவு தெரியும்வரை அவரவர் இடத்தில் அவரவர்.

சின்னவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பின்னங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்திவிடலாம். தன் முறை வரும்போதெல்லாம், அடுத்து நிற்கும் பின்னத்தில் அந்த இடத்திலுள்ள இலக்கத்தை விட்டு வேறொன்றை எழுதினால் அந்தப் பின்னம் ஒழிந்தது. இப்படியே ஒன்று பாக்கியில்லாமல் ஒழித்துவிடலாம். அதை அவரிடமே பெருமையாகச் சொன்னாள்.

"நீதாம்மா ஜெயிப்ப, சந்தேகமே இல்ல. ஆட்டம் முடியட்டும், மேசைய நானே தூக்கிப் போடுறேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து மனிதர் தினமும் காலையில் ஓர் இலக்கத்தைக் கிறுக்கிவிட்டு, ஜன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொள்வார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் இலக்கம் எழுதுவாள்.

ஒருநாள் பக்கத்து வகுப்பில் அவர் குரல் கேட்டது. முதல் அடி எடுத்து வைக்க அரை மணி, அடுத்ததற்கு அதில் பாதி, அதற்கடுத்ததற்கு அதிலும் பாதி என்று போனால், முடிவில்லாத அடிகளும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று முழங்கிக்கொண்டிருந்தார். சின்னவள் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தாள். அதே கணக்கில், இலக்கத்துக்கு இலக்கம் பாதி நேரமாக, ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கலாம். மணி அடிப்பதற்குள் எழுதாதவர் தோற்றவர். தான் நடத்திய பாடத்தைப் பெண்டாட்டி எதிரில் இல்லையென்று சொல்ல அத்தானுக்கு வாய் வரவில்லை. அக்கா பல் மருத்துவர். அதட்டல் அவளுக்குக் கைவந்த கலை. கைபேசியில் மணி வைத்துக்கொண்டு நடுவராக உட்கார்ந்தாள்.

"பெரியவங்க, நீங்களே ஆரம்பிங்க அத்தான்" என்று சின்னவள் கையோடு கொண்டுவந்த வெள்ளைப் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

முதல் முறையில் அவர் சாவகாசமாகக் காபி குடித்தார். போகப்போக இருவரும் பலகை முன் முட்டி மோதினார்கள். மணிகள் ஒன்றையொன்று துரத்தின. அத்தானின் பேனா பலகையைத் தொடுவதற்குள் அவருடைய மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

"அடுத்தத நீயும் எழுதியிருக்க முடியாது" என்றார் மூச்சு வாங்க.

"என் முறை வரவே இல்லையே அத்தான்."

கட்டியவர் என்றும் பாராமல் அவரே தோற்றதாக அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாள் மேசைகள் இடம் மாறின. மாலையில் வீட்டுக்கு வந்த தங்கையிடம், முதல் முறையை எதற்கு விட்டுக்கொடுத்தாய் என்று அக்கா கிசுகிசுத்தாள். முன்பே தனியாக மணி வைத்துப் பலமுறை எழுதிப் பார்த்ததாகவும், அடிப்பதற்குள் எழுதவே முடியாத முதல் மணி எப்போதும் தொடங்கியவர் தலையிலேயே விழுந்ததாகவும் சின்னவள் சொல்லிச் சிரித்தாள்.

குளியலறைக் கதவு திறந்தது. முகமெல்லாம் சோப்பு நுரையோடு அத்தான் நின்றார்.

"இன்னொரு ஆட்டம் போடலாம். இந்தத் தடவ நீ முதல்ல."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சின்னவள் செருப்பைத் தேடப் போனாள்.