மூன்றாம் அடுக்கு

அந்தப் பருவத்தின் முதல் பாதியில் பள்ளிக்கூடம் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை. அறிவியல் கண்காட்சி முடிந்த கையோடு நாடகப் போட்டி, அந்த வேஷத்தைக் கலைப்பதற்குள் எறிபந்துப் போட்டி. பெண்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்ததைவிட வராந்தாவில் ஓடியதுதான் அதிகம். விடுமுறைக்கு முந்தைய நாள் விளையாட்டு விழா. அதன் கடைசி நிகழ்ச்சியாக மூன்றடுக்கு மனிதக் கோபுரம் வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"போன வருஷம் ரெண்டடுக்கு பார்த்தாச்சு டீச்சர். இந்த வருஷமும் அதேவா?"

விளையாட்டு டீச்சர் அன்றே ஒத்திகைக்கு மெத்தைகளை எடுத்துப் போட வைத்தார். கோபுரத்தின் உச்சியில் ஏறி நிற்க வேண்டியவள் அவருடைய மகள். வகுப்பில் அவளைவிட எடை குறைந்தவள் இல்லை. அதனால்தான் எல்லோரும் அவளைக் குருவி என்றார்கள். இருந்தாலும், "டீச்சர் பொண்ணுன்னா எப்பவும் உச்சியிலதான்" என்று யாரோ முணுமுணுத்தது டீச்சர் காதில் விழுந்திருந்தது.

அடிவரிசையின் நடுவில் மண்டியிட்டுக் கையூன்றி, எல்லோருடைய எடையையும் தாங்குபவள் பாறை. எதற்கும் அசையாததால் வந்த பெயர். குருவியும் அவளும் நகமும் சதையும்.

கடைசி ஒத்திகையில் கோபுரம் ஆடியது. குருவி சறுக்கி மெத்தையில் விழுந்தாள்.

"யாரு அசைஞ்சது?"

"நான்தான் டீச்சர். கொசு கடிச்சுது" என்றாள் பாறை. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் உள்ளங்கையை ஊன்றாமல் முழங்கையை ஊன்றி எழுந்ததை டீச்சர் கவனித்தார்.

"கை வலிக்குதா?"

"இல்லையே!" என்று வலது கையை நீட்டிக் காட்டினாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது டீச்சர் மகளிடம் கேட்டார். "அவ கையில ஏதாவது அடிபட்டிருக்கா?"

குருவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பள்ளிக்கூடத்து விஷயத்த வீட்டுல பேசக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

மருந்துக் கடை வைத்திருக்கும் கணவர், "சந்தேகமா இருந்தா ரெண்டடுக்கா குறைச்சிடேன்" என்றார்.

"குறைச்சா, பெத்த பொண்ணு விழுந்துடுவான்னு பயந்துட்டான்னு சொல்வாங்க."

"சொல்லட்டுமே."

"உங்களுக்கென்ன, கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சொல்லிடுவீங்க" என்றார் டீச்சர்.

விழா நாள். பெற்றோர்கள் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் கோபுரப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பாறையைக் கடந்தபோது வலித் தைலத்தின் வாடை மூக்கில் ஏறியது. டீச்சர் நின்றார்.

"இடது கையைச் சுவத்துல ஊன்றித் தள்ளு."

பாறை தள்ளினாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பாருங்க டீச்சர், ஒண்ணுமே இல்ல."

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்துவிட்டது. மேளம் தொடங்கியது. வரிசையில் முன்னால் நின்றவள் திரைக்கு வெளியே காலை எடுத்து வைத்துவிட்டாள்.

"அம்மா, வேணாம்மா" என்றாள் குருவி. "இவ எறிபந்து ஃபைனல்ல கை மடங்கி விழுந்தா. வீங்கியிருக்கு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

பாறையின் முகம் வெளுத்தது. "பொய் டீச்சர்! மேல ஏறப் பயந்துக்கிட்டு இப்படிச் சொல்றா!"

மற்ற பெண்கள் குருவியைப் பார்த்தார்கள். அவள் கண்களில் நீர் முட்டியது; ஆனாலும் சொன்னதை விழுங்கவில்லை. டீச்சர் பாறையின் சட்டைக் கையை மேலே இழுத்தார். மணிக்கட்டு நீலம் பாரித்து உப்பியிருந்தது.

"நீ உட்காரு. மூணாவது அடுக்கு கிடையாது" என்றார். "அடிவரிசையில ஒரு ஆள் குறையுதே..."

"நான் நிக்கறேன்" என்றாள் குருவி.

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. மேளம் விடவில்லை. ஓரத்திலிருந்த உறுதியான பெண்ணை நடுவுக்கு மாற்றி, மகளை ஓரத்தில் மண்டியிட வைத்தார். அந்தக் குச்சிக் கைகள் கிடுகிடுவென்று ஆடுவது திரை ஓரத்திலிருந்தே தெரிந்தது. மேலே ஏறியவர்கள் கையை விரித்து நின்று, வணங்கி, இறங்கும்வரை டீச்சர் மூச்சு விடவில்லை. கைதட்டல் சுரத்தில்லாமல் வந்தது.

தலைமையாசிரியை அருகில் வந்து, "விருந்தினர் முன்னாடி என்ன டீச்சர் இது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். "இதுமேல நாலு பேர் எடை விழுந்திருந்தா கத்தி வைக்க வேண்டி வந்திருக்கும்" என்றார் மருத்துவர். பாறையின் அம்மா தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்திருந்தாள்.

"ஏண்டி என்கிட்டகூடச் சொல்லல?"

"நான் இல்லன்னா கோபுரமே இல்லன்னு எல்லாரும் சொன்னாங்கம்மா" என்று பாறை முதல்முறையாக அழுதாள். குருவி பக்கம் திரும்பவே இல்லை.

விடுமுறையில் குருவி தினமும் தையல் கடைவரை போய்த் திரும்பி வந்தாள். "பேசினாளா?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். நடுவில் தலைமையாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டு, "கை எப்படி இருக்கு அந்தப் பொண்ணுக்கு?" என்று விசாரித்தார். பிறகு, "ஸ்கூல் திறந்ததும் என்னை வந்து பாருங்க" என்று வைத்துவிட்டார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று டீச்சர் கணவரைக் குடைந்தெடுத்தார்.

விடுமுறை முடிய இருந்த ஒரு மாலை குருவி வருவதற்கு நேரமாகிவிட்டது. டீச்சர் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்து கால் ஓய்ந்தபோது, அவள் மெதுவாக வந்தாள்.

"எங்கடி போனே? பேசினாளா?"

"ம். 'காட்டிக்கொடுத்தவ வந்துட்டா'ன்னா."

"அப்புறம்?"

"ஒரு கையால தலை பின்ன முடியலையாம். நான் பின்னி விட்டேன். கோணலா இருக்குன்னு அவுத்து அவுத்துப் பின்னச் சொன்னா. அதான் லேட்டு."

டீச்சர் மகளின் முதுகில் கை வைத்து உள்ளே அழைத்துப் போனார்.