மேல் கட்டை

கமலத்தின் படச்சட்டத்தில் மேல் கட்டை மட்டும், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஏறும்போது மூன்று மில்லிமீற்றர் நீளும். இறங்கும்போது அதே மூன்று மில்லிமீற்றர் குறையும். மற்ற மூன்று கட்டைகளும் மரக்காலையில் வாங்கிய புதுப் பலா, அவை அசைவதில்லை. மேல் கட்டை, நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய தெல்தெனிய வீட்டின் குசினிக் கதவு நிலையிலிருந்து வந்தது. தண்ணீர் வருமுன் கமலம் கழற்றிக் குண்டசாலைக்குக் கொண்டுவந்த அந்த நிலையில், கறையான் விட்டுவைத்தது அவ்வளவுதான்.

அம்மாவின் வருசத் திதிக்குள் சட்டத்தைத் தன் கையால் செய்ய வேண்டும் என்று மகள் சஞ்சீவனி நினைத்தாள். கடைசி வருடங்களில் அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போனவள் அவள். மூலை வெட்டும் மின்சார மைட்டர் வாள் வாங்கக் கண்டி டவுனுக்குப் போனபோது, கடைக்கார ரிஸ்மி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தச்சு பாஸ் வரல்லியா மிஸ்?"

"பாஸ் நான்தான்."

"அப்ப பத்து இஞ்சு வாள் எடுங்க, பன்னெண்டு உங்களுக்குப் பாரம். அறுபது பல்லு அலகு போடுங்க, பல்லு கொறஞ்சா மூலை பிஞ்சிரும். கோட்டு மேல வெட்டிராதீங்க. வாளும் சாப்பிடும் மிஸ், மூணு மில்லி."

வேகம் முழுதாக வந்த பிறகே வாளை இறக்க வேண்டும், நின்ற பிறகே தூக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நிற்கும்வரை காத்திருக்க அவள் ஐம்பத்திரண்டு வயதில்தான் பழகினாள். புதுப் பலாவில் பழகுவதற்கும் சேர்த்துப் பன்னிரண்டு மூலைகளை நாற்பத்தைந்து பாகையில் வெட்டினாள்; ஒன்றிலும் மயிரிழை இடைவெளி இல்லை. பிறகு பழைய கட்டையை இறுக்கிப் பிடித்து வாளை இறக்கினாள். பல் பட்டதும் கோப்பி வறுக்கும் வாசனை எழுந்தது. அம்மா அந்த நிலைக்குக் கீழே உட்கார்ந்துதான் வறுப்பாள். அவள் முகர்ந்து நிமிர்ந்தாள். வாள் கோட்டின் மேலேயே போனது.

சட்டத்தைக் கோர்த்தபோது வலது மூலை மூன்று மில்லிமீற்றர் திறந்து நின்றது, அதற்குள்ளிருந்து கோப்பி வாசனை வந்துகொண்டிருந்தது. வேறு கட்டை இல்லை. திதிக்கு நான்கு நாள் இருந்தது.

"இந்த இடைவெளியப் பட்டி பூசி மூடிருவோம்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் தம்பி நிரஞ்சன்.

"எனக்குத் தெரியும்ல."

"அம்மா இருந்திருந்தா, இது சட்டமா சன்னலான்னு கேட்டிருக்கும்."

அவள் சிரித்தாள், அந்த வருடத்தில் அது முதல் தடவை. மறுநாள் மழை பிடித்து மூன்று நாள் பெய்தது. நீர்த்தேக்கம் நிரம்பிய காலையில் மூலை தானாக மூடியிருந்தது, நகம் நுழையாதபடி. திதிக்கு வந்தவர்கள் வேலையைப் பாராட்டினார்கள். வாசனையும் போய்விட்டதை அவள் மட்டும் கவனித்தாள்.

பெப்ரவரியில் தண்ணீர் வற்றியது, மூலை திறந்தது, வாசனை வந்தது. நிரஞ்சன் பட்டி டின்னைத் திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தான். இப்போது ஊரே மழை கேட்கும் மாதங்களில் சஞ்சீவனி சட்டத்துக்கு எதிரே கதிரையைப் போட்டு, பஸ் போனாலும் எழும்பாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து கோப்பி வாசனை வந்தால், பக்கத்து வீட்டார் தண்ணீர்த் தாங்கியை நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள்.