யாரும் சிரித்துக்கொண்டு போகவில்லை

ஜெனரல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய சங்கரலிங்கம் குவார்ட்டர்ஸுக்குப் போகாமல் நேரே கலை மன்றத்துக்குள் நுழைந்தான். ஆண்டு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மன்றச் செயலாளர் அவன். நாடகத்தை எழுதியவனும் அவன்தான். அவர்கள் கம்பெனியின் நிலக்கரிச் சுரங்கம் பிறந்த கதை. முதல் காட்சியில் கிராமத்து ஜனங்கள் மேளம் கொட்டி, சிரித்துக்கொண்டே ஊரைக் காலி செய்வார்கள்.

ஒத்திகையில் அந்தக் காட்சி வந்ததும், கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி சின்னம்மாள் நிமிர்ந்தாள்.

“யாரும் சிரிச்சிக்கினு போவலீங்க.”

நடிகர்கள் வசனத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். சங்கரலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “பெருக்க வந்தா பெருக்கிட்டுப் போ. நாடகத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்?” என்று எரிந்து விழுந்தான். அந்தச் சூட்டிலேயே அவளை வேலைக்கு வைத்த மேஸ்திரி பெரியண்ணனிடமும் புகார் சொன்னான்.

மறுநாள் வேறொருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்கதான சார் சொன்னீங்க? அவளை நிறுத்திட்டேன்” என்றான் பெரியண்ணன், பெருமையாக.

அவள் வேலை போகும் என்று சங்கரலிங்கம் நினைக்கவில்லை. குவார்ட்டர்ஸை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் விசாரித்து அவள் குடியிருந்த இடத்துக்கு ஓடினான்.

“நான் பொய் சொல்லலீங்க சார். உங்க மன்றம் இருக்கிற எடத்துலதான் எங்க வூடு இருந்துச்சு. நெலம் நீச்சு கெடையாது, ஒரு கூரைதான். அதைப் பிரிச்சி வண்டியில ஏத்தினப்ப எங்கம்மா ரோட்டுல வுழுந்து பொரண்டுச்சு. பத்து வயசுல பாத்தது. வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

பன்னிரண்டு வருஷமாக அவன் ஏறி இறங்கிய மேடை அது. அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மன்றத் தலைவரான அதிகாரி அய்யாசாமியிடம் எதையும் மறைக்காமல் சொன்னான். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“உண்மையச் சொன்னதுக்கு நம்ம மன்றத்துல ஒரு பொம்பளைக்கு வேலை போச்சா?”

அன்றைக்கே அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அதோடு அவர் விடவில்லை. செயற்குழுவைக் கூட்டினார். “மன்றம் பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும்னு இருக்கிற விதியை எடுத்துடலாம். ஒத்திகையில யாரு குறை சொன்னாலும் கேப்போம். நாடகம் சொதப்பினா பழி என்னோடது.”

சின்னம்மாளும் இன்னும் நாலு கான்ட்ராக்ட் தொழிலாளிகளும் ஒத்திகைக்கு வந்தார்கள். முதல் நாள் உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார்கள். சங்கரலிங்கத்தின் மனைவி இசக்கியம்மாள்தான் கையைப் பிடித்து அழைத்துவந்து, பாயில் அவர்களோடு உட்கார்ந்து காபி கொடுத்தாள்.

விழாவன்று முதல் காட்சியில் மேளம் இல்லை. சின்னம்மாள் தன் தாயாக வந்து மேடையில் விழுந்து புரண்டாள். முடிந்ததும் குவார்ட்டர்ஸ் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “இத்தனை வருஷமா எங்களுக்குத் தெரியாதேம்மா!” என்று ஒருத்தி அழுதாள். மந்தாரக்குப்பத்து ஜனங்களும் குவார்ட்டர்ஸ் ஜனங்களும் கலைந்து போக மனமில்லாமல் பேசிக்கொண்டே நின்றார்கள்.

சங்கரலிங்கம் மைக்கைப் பிடித்தான்.

“வாயத் திறந்தா வேலை போயிடும்னு ஒருத்தர் பயப்படுற எடத்துல கலையும் வளராது, ஜனங்களும் ஒண்ணு சேரமாட்டாங்க. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவங்க பொறுப்புல இருக்கிறவங்கதான். நான் போக்கல, உண்டாக்கினேன். சின்னம்மா, என்னை மன்னிச்சிடு.”