மேனேஜர் வாயில் வந்த பெயர்

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். கூப்பிட வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவோம், இல்லாவிட்டால் "என்னங்க" என்போம். ஆள் எதிரில் இருந்தால் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. எனக்குத்தான் ஆளே இல்லை.

மழை பொய்த்த அந்த வருஷங்களில் பென்னாகரத்தில் யாரும் துணி எடுக்கவில்லை. கேழ்வரகுக்கே வழியில்லாதபோது சட்டை யார் தைப்பார்கள்? என் வீட்டுக்காரர் தையல் மெஷினை விற்று வீட்டுக்கு அரிசி போட்டுவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறினார். சிக்பேட்டையில் ஒரு தையல் கடையில் வேலை. ரம்ஜானுக்கும் பக்ரீதுக்கும் வருவார். வந்த களைப்பு தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். அப்புறம் மழை பெய்தது, கடலை விளைந்தது, கடைத்தெரு மறுபடி நிமிர்ந்தது. பஞ்சத்துக்காகப் போன மனுஷன் பஞ்சம் தீர்ந்தால் வரவேண்டாமா? இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை.

எழுபத்தொன்றில் எங்கள் ஊரில் பேங்க் திறந்தார்கள். பேங்குகளை சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, நகை நட்டு இல்லாதவர்களுக்கும் தொழிலுக்குக் கடன் உண்டு என்றார்கள். பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் கறவை மாடே வாங்கிவிட்டாள்.

"மெசினுக்கும் தராங்களாம் வஹிதா. போய்க் கேளு. கேட்டா வாயா வலிக்கும்?" என்றாள்.

ஜாக்கெட், பாவாடை எல்லாம் நானும் தைப்பேன். ஆனால் எனக்கு வேண்டியது மெஷின் இல்லை. மெஷின் வந்தால் அதன் பின்னாலேயே மனுஷனும் வந்துவிடுவார் என்ற ஆசைதான்.

மேனேஜர் மங்களூர்ப் பக்கத்துக்காரர். அவர் தமிழில் பாதி கன்னடம், மீதியை மீசை விழுங்கிவிடும். உரக் கடனுக்கு வந்த கூட்டம் ஒரு பக்கம், கடகடவென்று ஃபேன் ஒரு பக்கம். நான் கோஷாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனுவைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "எல்லா சரி. ஜமீர் வந்து சைன் போடணும் அம்மா."

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. என் வீட்டுக்காரரின் பெயர், யாரோ ஒருவர் வாயிலிருந்து, அத்தனை பேர் நடுவில். அதைக் காதால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சரியாகத்தான் கேட்டேனா என்று திருப்பிக் கேட்கலாம். கேட்பதற்கு அந்தப் பெயரை நான் சொல்லவேண்டுமே. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். வீடு வரைக்கும் அந்தப் பெயர் காதிலேயே இருந்தது.

அன்றைக்கே பெங்களூருக்குக் கார்டு போட்டேன். நீங்கள் வராமல் கடன் கிடைக்காதாம் என்று எழுதினேன்.

வந்தார். இளைத்திருந்தார், காதோரம் நரை தெரிந்தது. "பேங்குல என்னையே கேட்டாங்களா?" என்றபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை. மறுநாள் இரண்டு பேரும் பேங்குக்குப் போனோம்.

"நீங்க யாரு?" என்று மேனேஜர் விழித்தார்.

"ஜமீருங்க. சைன் போட வரச்சொன்னீங்களாம்."

"ஜமீர் இல்லப்பா. ஜாமீன். ஜாமீன் கேட்டேன். கடன் கட்டலேன்னா பொறுப்பு ஏத்துக்க வெளி ஆள் வேணும். புருஷன் ஆகாது."

கூட்டமே சிரித்தது. கடலைக்கு உரக் கடன் வாங்க வந்திருந்த குப்புராஜ் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "நான் போடறனுங்க. என் கண்ணாலச் சட்ட இவரு தெச்சதுதான்" என்று ஜாமீன் கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "பேரத் திருப்பிக் கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.

"எந்தப் பேருங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க இன்னும் நாலு பேங்கில் மானம் போனாலும் பரவாயில்லை.

தந்தி கொடுத்து லீவை நீட்டி, மெஷின் வந்து இறங்கும்வரை இருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "கடைத்தெருவுல ஒரு எடம் பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: "அங்க இப்பத்தான் வேலை சூடு புடிச்சிருக்கு. யூனிபாரம் ஆர்டரா வருது, என்னக் கட்டிங்குக்குப் போட்டுட்டாங்க. இதுல நீ தை. ரெண்டு சம்பாத்தியம் வந்தா வூட்டுக்கு ஓடு மாத்திரலாம்."

வேலை இல்லையென்று பிரிந்தோம். இப்போது இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துப் பிரிகிறோம். யாரைத் திட்டுவது? சர்க்காரையா, மழையையா? நான் அவரைத்தான் மனசுக்குள் திட்டினேன்.

மெஷினோடு வந்த ஸ்டூல் அவருக்குத்தான் சரியான உயரம். எனக்குக் கால் தொங்கியது. தீர்த்தம்மாள் வீட்டில் ரம்பம் வாங்கி வந்து, ஸ்டூலின் நாலு காலையும் அளந்து அறுத்தார். அவர் பை கட்டித் தயாராகச் சுவரோரம் இருந்தது.

"உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் மிதியில் அச்சாகப் பதிந்தன.

"கால் எட்டுதா?"

"எட்டலைங்க" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி ரம்பத்தை எடுத்தார்.